நாற்பத்தாறாம் கட்டத்து ஆட்கள்

“சரி, எண்ணுறது ஆர்? அதையாவது சொல்லுங்கோ. இஞ்ச ஒருத்தரும் படலையைத் தட்டி, வீட்டில எத்தனை பேர் எண்டு கேக்கேல்லை.”

“யாரும் வந்து கேக்க மாட்டாங்கண்ணா.”

“அப்ப மேல இருந்து பாத்தோ? எங்கட கிழடுகட்டையளின்ர மொட்டைத் தலையள் நல்லா மினுங்கும். லேசா எண்ணலாம்.”

“சிரிக்க வைக்காதீங்கண்ணா. பட்டனை அழுத்தணும், நேரமாச்சு.”

“அழுத்துங்கோ, ஆர் மறிச்சது? ஆனா முதல்ல இதைச் சொல்லுங்கோ, பிள்ளை. ஒவ்வொரு குடும்பமா ஊரை விட்டு வெளிக்கிட வெளிக்கிட, மிச்ச ஆக்களின்ர தலையில புகை கூடிக்கொண்டு வருது. நான் நினைக்கிறது சரியோ?”

தேன்மொழி கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் இருந்தது கோடியக்கரையில், காற்று நிலையத்தின் மாடியில். ஜன்னலுக்கு வெளியே கடல் கழுவாத கண்ணாடியைப் போலக் கிடந்தது. கேட்டவர் அதே கடலின் மறுகரையில், பருத்தித்துறை நிலையத்தில் இருந்தார். பெயர் குகதாசன். தினமும் மாலையில் பேசிக்கொள்ளும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

அவள் மேசையில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அதை அழுத்திய பிறகு பேசுவதெல்லாம் இரண்டு அரசாங்கங்களின் பதிவிலும் ஏறும். வரைபடத்தில் இரு கரைகளையும் எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்; நிலையத்தின் கணக்கு இயந்திரம் தேர்ந்தெடுத்த கட்டத்தின் எண்ணை அவள் சொல்வாள். அவர் ஒரு சொல் கூட்டாமல் அதைத் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொன்னதும் முடிந்தது. மறுநாள் பகலில் அந்தக் கட்டத்தின் மேல் புகை இறங்கும். ஒப்பந்தம் எழுதியவர்கள் இதற்கு ‘ஏற்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுப்பதற்கு அதில் ஒரு வாக்கியமும் எழுதப்படவில்லை. பட்டனுக்கு முந்தைய சில நிமிடங்கள் மட்டும் யாருடைய பதிவிலும் இல்லை. அவர்களுடைய நட்பு முழுவதும் அந்த நிமிடங்களுக்குள்தான் வளர்ந்திருந்தது.

அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். தொண்டையிலிருந்து வராமல், இன்னும் ஆழத்தில், சாமான்கள் எல்லாம் எடுக்கப்பட்ட ஓர் அறையிலிருந்து வருவதைப் போன்ற இருமல்.

“ஆரணியாண்ணா? ஆஸ்பத்திரிலேருந்து வந்துட்டாளா?”

“வந்திட்டா. தாய் இருந்தா வீட்டில விடலாம். இஞ்ச என்ர மேசைக்குப் பின்னால பாய் விரிச்சுக் கிடக்கிறா. உங்களோட ஏதோ கதைக்க வேணுமாம்.”

அவருடைய மகளின் சிறிய குரல் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவள் மூச்சைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, புகையைக் கடலுக்குள்ள போட்டா என்ன?”

“போட்டுப் பாத்தாங்கடா கண்ணு. கடல் மேல இறங்க மாட்டேங்குது. கீழ நிலம் வெயில்ல சூடாகி, காத்து கொதிக்கிற மாதிரி கிளம்பணும். அப்பத்தான் மேலே இருக்கிற புகை கீழே வந்து கலக்கும். நாங்க ட்ரோன்ல உப்பு தூவுறதெல்லாம் அதைக் கொஞ்சம் சீக்கிரமா இறக்கத்தான்.”

“என்ன உப்பு?”

“எங்க ஊரு உப்புதான். வேதாரண்யத்து உப்பு.”

“புகை ஆற்ற?”

“ரொம்பத் தூரத்துல, வடக்கே இருக்கிறவங்களோடது.”

“அப்ப அவை தங்கட தலையிலயே போடலாம்தானே?”

“அவங்களுக்கும் மூச்சு முட்டிச்சு. அதான் மேலே ஏத்தி விட்டுட்டாங்க. ஏத்தி விட்டா போயிடும்னு நெனச்சாங்க.”

அது உண்மைதான். அனல்மின் நிலையங்களும் சூளைகளும் அறுவடை முடிந்து எரிக்கும் வயல்களும் நிறைந்த அந்தச் சமவெளியில், ஒரு காலத்தில் குழந்தைகள் சூரியனைச் சாம்பல் நிறத்தில் வரைந்தார்கள். பிறகு பொறியாளர்கள் ஏற்றிகளைக் கட்டினார்கள். கோபுரம் போல நின்ற அந்த இயந்திரங்கள் புகையைச் சூடாக்கி, மேகங்களுக்கும் மேலே தள்ளின. நகரங்களில் வானம் நீலமாயிற்று. அதைப் பார்ப்பதற்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். எரிப்பதை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய காரணம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பனிக்காலத்து வடகாற்று அந்தப் புகையை வங்கக் கடலின் மேல் நாட்கணக்கில் சுமந்து வந்து, தெற்கே, இந்தக் குறுகிய கடலின் இரு கரைகளிலும் நிறுத்தியது. எங்காவது அது இறங்கித்தான் ஆக வேண்டும்; எங்கே என்பதை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

“ஏன் எங்கட தலையில, அக்கா?”

“ஆள் கம்மியா இருக்கிற இடமா பாத்து இறக்கணும்னு ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டிருக்குடா.”

“இஞ்ச நான் இருக்கிறன்தானே.”

தேன்மொழி ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுபடி குகதாசனின் குரல் கேட்டபோது, தன் வாய் திறப்பதை அவள் வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

“போன்ணா.”

“என்ன?”

“பொழுது சாயுற நேரத்துல ஒரு கட்டத்துக்குள்ள எத்தனை போன் உயிரோட இருக்கோ, அத்தனை ஆளு. ரெண்டு நாட்டு டவரும் சொல்லிடும். அதான் எண்ணிக்கை. நான் சொன்னேன்னு யார்கிட்டயும்…”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை. எனக்கும் ஒண்டும் கேக்கேல்லை. லைன் ஒரே கரகரப்பு.” பிறகு, தனக்குள் பேசுவதைப் போல, “ஆரணியிட்டப் போன் இல்லை,” என்றார்.

அவள் பட்டனை அழுத்தினாள். “நாற்பத்தாறு,” என்றாள்.

“நாற்பத்தாறு,” என்று தன் ஊரின் எண்ணைத் திருப்பிச் சொன்னார் அவர்.

*

பழைய போன்கள் வரத் தொடங்கின. இழுப்பறைகளின் அடியில் கிடந்தவை, கண்ணாடி உடைந்தவை, கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உறவினர்கள் சட்டைகளுக்குள் சுற்றிப் பொதியாக அனுப்பியவை. பருத்தித்துறையில் பூட்டிக் கிடந்த வீடுகளின் சாவிகள் அயலவர்களிடம்தான் இருந்தன. அவர்கள் கதவைத் திறந்து, ஜன்னல் கட்டைகளிலும் சாமி அறைகளிலும் போன்களைச் செருகி வைத்துவிட்டு வந்தார்கள். அவற்றுக்கு மின்சாரமும் வடக்கிலிருந்துதான் வந்தது, கடலுக்கடியில் போட்டிருந்த கம்பி வழியாக.

“பின்னேரத்தில வந்து பாக்க வேணும் நீங்கள்,” என்றார் குகதாசன். “பூட்டின வீடு முழுக்க வெளிச்சம். சண்முகத்தார் போய் ரெண்டு வருசம். இப்ப அவற்ற வீட்டில ஒம்பது பேர் இருக்கினம். ஒருத்தரும் சத்தம் போடுறேல்லை, சண்டை பிடிக்கிறேல்லை. நல்ல சனம்.”

“அண்ணா, மெதுவா ஏத்துங்க. ஒரே நாள்ல ஏறுனா தெரிஞ்சுடும்.”

“அதெல்லாம் முறையாத்தான் செய்யிறம். இண்டைக்கு ரெண்டு கலியாணம், மூண்டு பிள்ளைப்பேறு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

கொஞ்ச நாளில் திரையில் நாற்பத்தாறாம் கட்டத்தின் எண் மற்றவற்றைத் தாண்டியது. ஒரு மாலை இயந்திரம் வேறு ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. தேன்மொழி பட்டனை அழுத்தி, “பதினெட்டு,” என்றாள்.

திருப்பிச் சொல்வதற்கு முன் அவர் ஒரு மூச்சு தாமதித்தார். பதினெட்டு என்பது நெடுந்தீவு. பவளக்கல் வேலிகளும் காட்டுக் குதிரைகளும் உள்ள தீவு. அங்கே இருந்தது ஒரே டவர். அதுவும் காற்றடித்தால் படுத்துவிடும்.

“பதினெட்டு,” என்றார்.

பருத்தித்துறையின் வானம் தெளிந்தது. கூரைகளில் படிந்திருந்த கரியை ஒரு மழை கழுவிக்கொண்டு போயிற்று. ஆரணி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு படலை வரை நடந்தாள். அவளுக்கும் ஒரு போன் கிடைத்திருந்தது. முதல் அழைப்பே கோடியக்கரைக்குத்தான்.

“அக்கா, இப்ப நானும் ஒரு ஆள்.”

“நீ எப்பவுமே ஆளுதாண்டி.”

“இல்லை, அப்பா சொன்னவர். நேற்று வரைக்கும் இல்லையாம்.”

அந்த நாட்களில் தேன்மொழி உப்பளங்களின் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போகும்போது, வெள்ளைக் குவியல்கள் மேல் விழும் வெயிலைப் பார்த்து நின்றாள். உலகத்தில் ஒரு சிறிய திருகாணியைத் தன் விரல் திருப்பியிருக்கிறது என்ற நினைப்பு, யாருக்கும் சொல்ல முடியாத காதலைப் போல அவளுக்குள் இருந்தது.

*

குதிரைகளைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

உப்புத் தூவித் திரும்பும் ட்ரோன் எடுத்த படங்களை நிலையத்தில் யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடித்த பழக்கம் அது. புகை இறங்கியதா என்று நிறத்தைப் பார்ப்பார்கள், அடுத்த படத்துக்குப் போவார்கள். அன்று ஏனோ அவள் விரல் பெரிதாக்கிவிட்டது. நெடுந்தீவின் கரையோரம் முழுவதும் குதிரைகள் கிடந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, தண்ணீரைப் பார்த்தபடி. காற்று கடலிலிருந்து வரும் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் பெரிதாக்கினாள். கல்வேலிகளுக்கு நடுவில் ஒரு பாதை. ஒரு பெண்ணும் ஒரு கிழவரும் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டிலில் யாரோ சிறியவர், துணியால் மூடப்பட்டு. துணி முகத்தையும் மூடியிருந்தது. புகைக்காக மூடியதா, வேறு எதற்காகவா என்று அந்த உயரத்திலிருந்து எடுத்த படத்தில் தெரியவில்லை.

அன்று மாலை பட்டனை அழுத்துவதற்கு முன் கேட்டாள். “அண்ணா, நெடுந்தீவுல உங்களுக்கு யாரையாவது தெரியுமா?”

“தெரியும். படிப்பிச்ச ஊர். என்ர மனிசியின்ர சொந்தக்காரரும் இருக்கினம்.”

“எப்படி இருக்காங்க?”

லைன் நிஜமாகவே கரகரத்தது.

“அவையள் போன் அடிக்கினம், பிள்ளை. நான்தான் எடுக்கிறேல்லை.”

அந்த வாரத்தில் சென்னையிலிருந்து பார்த்திபன் வந்தார். நிலையத்தின் மேலதிகாரி, தேன்மொழியிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். வந்ததும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“என்னம்மா தேன்மொழி இது? ஊரைக் காலி பண்ணிட்டு எல்லாரும் போறாங்கன்னு அந்தப் பக்கத்து நியூஸ்ல காட்டுறான். நம்ம எண்ணிக்கை என்னடான்னா ஏறிக்கிட்டே இருக்கு. பருத்தித்துறையில திருவிழா ஏதாவது நடக்குதா?”

ஒரு ‘ஆமா சார்’ போதும். அவர் தலையாட்டிவிட்டு டீ கேட்டிருப்பார். தேன்மொழி அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். படலை வரை நடந்துவந்த ஒரு சிறுமி அந்தச் சொல்லின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு எதிரே இன்னொரு பாதையில், ஒரு கட்டில் போய்க்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் யாராவது உட்கார்ந்து யோசிப்பார்கள், புகையைப் பங்கு போடுவார்கள், ஒரே ஊரின் மேல் கொட்ட மாட்டார்கள் என்று அவள் நம்பினாள். நம்புவதற்கு அவளிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

“அது ஆளில்ல சார்,” என்றாள். “போன் மட்டும்தான். காலி வீட்டுல வச்சிருக்காங்க.”

பார்த்திபன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கெட்டிக்காரங்கம்மா. நெனச்சே பாக்கல நான்.”

“நெடுந்தீவுல, சார்…”

“பாத்தேன். நானும் மனுஷன்தாம்மா. அதான் இதைச் சரி பண்ணணும். எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நம்ம கையில இருக்கிறது அது ஒண்ணுதான்.”

*

சரி பண்ணுவது சுலபமாக இருந்தது. பகல் முழுவதும் ஒரே இடத்தில் கிடக்கும் போன் இனிமேல் ஆள் அல்ல.

“மனுஷன்னா நகருவான்,” என்றார் பார்த்திபன். “கடைக்குப் போவான், பக்கத்துத் தெருவுக்குப் போவான். ஒரு எடத்துலயே கெடந்தா அது வெறும் போன்.”

“படுத்த படுக்கையா இருக்கிறவங்க சார்?”

“எத்தனை பேர் இருக்கப்போறாங்க? பிழை வரம்புக்குள்ள அடங்கிடும்.”

அவர் மறந்துபோனது ஒன்று உண்டு. தேன்மொழியும் அதை யோசிக்கவில்லை. இத்தனை பருவங்கள் புகை இறங்கிய ஊரில் மிச்சமிருந்தவர்கள் வெளியே வருவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். கதவிடுக்குகளில் ஈரத்துணி செருகி, ஜன்னல்களை ஒட்டி, தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். வானம் தெளிந்த பிறகும் பலருக்கு நடக்கக் காற்று போதவில்லை. நகர முடியாத ஓர் ஊரை இயந்திரம் ஒரே மாலையில் ஆளில்லாத ஊராக மாற்றியது. நாற்பத்தாறாம் கட்டத்தின் எண் கண்முன்னே கீழே விழுந்தது. நெடுந்தீவையும் தாண்டி, அதற்கும் கீழே.

அவள் பட்டனை அழுத்தினாள். எண்ணைச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். பதிவு நின்ற பிறகும் இருவரும் லைனை வைக்கவில்லை.

“என்ன நடந்தது, பிள்ளை?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரம் இனி என்ன செய்யும் என்பதை. அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதையும்.

மறுமுனையில் அவர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“நெடுந்தீவைப் பாத்துத்தானே சொன்னனியள்?”

“ஆமாண்ணா.”

“நான் எண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன் எண்டு சொல்ல வெளிக்கிட்டனான். வாய் வரேல்லை. என்ர பிள்ளை இஞ்ச கிடக்கிறா.”

புகை மறுநாள் இறங்கியது. அதற்கு மறுநாளும். காற்று திசை மாறாமல் நின்ற அந்த வாரம் முழுவதும் இறங்கியது. ஆரணி மறுபடி பாயில் விழுந்தாள். அவளுடைய போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், இன்னுமொரு முழு இறக்கத்தை இந்தச் சுவாசப்பை தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, வழியில் ஆனையிறவைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும் என்றார்.

“முந்தியே வெளிக்கிட்டிருக்கலாம்,” என்றார் குகதாசன். “நாங்கள் ரெண்டு பேர் போனா, அந்த ரெண்டு பேற்ற புகையும் அயலட்டையின்ர தலையில விழும் எண்டு நிண்டனான். பெரிய தியாகி மாதிரி. விசரன்.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணா.”

“வேற என்னண்டு சொல்லுறது?”

தேன்மொழி ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் அவளிடம் ஒன்றும் இருக்காது.

“நகரணும்ணா,” என்றாள். “போன் நகர்ந்தா திரும்பவும் எண்ணிடும். வீட்டுக்குள்ள நடந்தா பத்தாது. தெருவுல போகணும்.”

“வெளியிலயோ?”

“வெளியிலதான்.”

“உந்தப் புகைக்குள்ளயோ?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

*

நடக்க முடிந்தவர்கள் முடியாதவர்களுக்காக நடந்தார்கள்.

இரண்டு மூன்று பேராகத்தான் தொடங்கியது. தபால் கந்தோரில் இருந்த ஒருவர், மீன் வியாபாரி ஒருத்தி, குகதாசன். பகலில் வீடு வீடாகப் போய் ஜன்னலைத் தட்டுவார்கள். உள்ளிருந்து ஒரு கை துணியை விலக்கிப் போனை நீட்டும். போன்களின் முதுகில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது, மாறிவிடாமல் திருப்பிக் கொடுக்க. குகதாசன் ஆரணியின் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டார். முகத்தில் ஈரத் துவாயைக் கட்டிக்கொண்டு, துறைமுக வீதி, வெளிச்சவீட்டு ஒழுங்கை, சந்தை, மறுபடி கடற்கரை என்று நடந்தார். எதிரில் வருபவர் தெரியாத கருமை. யாரும் எதிரில் வரவும் இல்லை.

அது வேலை செய்தது. எண் கொஞ்சம் ஏறியது. எண்கள் நெருங்கி வந்தால் இயந்திரம் புகையைப் பிரித்துவிடும்; அதில் ஒரு பகுதி வேறு கட்டங்களுக்குப் போனது. எந்தக் கட்டங்களுக்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் பட்டனை அழுத்தும் வரை சொல்லவில்லை. பாதி இறக்கம்தான் என்பதால் ஆரணி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மீன்காரி முதலில் படுத்தாள். பிறகு தபால் கந்தோர்க்காரர் ஒரு காலை வரவில்லை. அவர்களுடைய போன்களும் குகதாசனின் பைக்குள் வந்து சேர்ந்தன.

“முதுகில ஊர் கனக்குது, பிள்ளை,” என்றார் ஒருநாள். சிரிக்கப் பார்த்து, சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலை அவள் அறிவாள். இத்தனை நாளும் அது அவருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காற்று வலுத்தது. வடக்கிலிருந்து வந்த புகை அந்தப் பருவத்திலேயே பெரியது என்று திரை சொன்னது. இன்று யாருக்குக் குறைவோ அவர்களுக்கு முழு இறக்கம். பொழுது சாய்வதற்குச் சற்று முன் பார்த்திபன் சென்னையிலிருந்து அழைத்தார். குரலில் சிரிப்பு நிறைந்திருந்தது.

“கேட்டியாம்மா கூத்தை? மன்னார்ல ஒருத்தன் கழுதை முதுகுல மூட்டை நெறைய போனைக் கட்டி ஓட்டி விட்டிருக்கான். கழுதை அது பாட்டுக்கு ஊரைச் சுத்துது. திரையில பாத்தா ஒரு கிராமமே பேரணி போகுது!”

அவள் திரையில் நாற்பத்தாறாம் கட்டத்தைத் தேடினாள். “அதுக்கு என்ன சார் பண்ணப் போறீங்க?”

“பண்ணியாச்சு. ஒண்ணா நகர்றது எல்லாம் ஒண்ணுன்னு வச்சாச்சு. எத்தனை போனா இருந்தாலும் ஒரே பாதையில ஒரே வேகத்துல போனா ஒரே ஆளு. இன்னைக்குச் சாயங்கால எண்ணிக்கையிலேருந்தே.”

“சார், ஒரு நாள் தள்ளி…”

“ஒரு நாள் தள்ளினா அந்தக் கழுதைக்குப் பதிலா வேற ஊர்க்காரன் சாவான்மா. நீதானே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தே.”

அவர் வைத்துவிட்டார். தேன்மொழி பதிவு லைனைத் தொடாமல் தன் சொந்தப் போனிலிருந்து குகதாசனை அழைத்தாள். நீண்ட நேரம் மணி அடித்தது. எடுத்தபோது காற்றின் இரைச்சலும், அலையும், பையில் போன்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும் வந்தன.

“அண்ணா, எங்க இருக்கீங்க?”

“என்ன? சத்தமாக் கதையுங்கோ. கடற்கரை வீதியால வாறன்.”

“அண்ணா, வீட்டுக்குப் போங்க. ஆரணிகிட்டப் போங்க.”

“போகலாம், போகலாம். இண்டைக்கு ஒரு புதினம், கேளுங்கோ. முழு ஊரும் தந்திட்டுது. இவ்வளவு நாளும் நம்பாமல் கதவைச் சாத்தி வைச்சிருந்த ஆக்களும் தந்தவை. கோயிலடி ஐயர், ஓடக்கரையில அந்த மூண்டு பெட்டையள், எல்லாரும். பைக்குள்ள இடமில்லை, சட்டையைக் கழட்டிக் கட்டிக்கொண்டு வாறன்.” அவர் நின்று இருமினார். நின்ற இடத்தில் அலை இரண்டு முறை வந்து போனது. “ஆரணியின்ர போன் என்ர கையில இருக்கு. அவவை மட்டும் பைக்குள்ள போடேல்லை.”

“அண்ணா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் பை…”

“ஆ? கேக்கேல்லை. காத்து.”

திரையில் வெளிச்சம் மாறியது. பொழுது சாய்ந்துவிட்டது, இயந்திரம் எண்ணத் தொடங்கியிருந்தது. வேதாரண்யம், நெடுந்தீவு, மன்னார் என்று கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நாற்பத்தாறாம் கட்டத்தில் கடற்கரையோரமாக ஒரு புள்ளி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. அதற்கு மேலே எழுதியிருந்த எண் ஒன்று.

தேன்மொழி அதைத் துடைப்பது போலத் திரையில் கை வைத்தாள்.

“பிள்ளை, லைன்ல இருக்கிறியளோ?”

“இருக்கேண்ணா.”

“எண்ணி முடிஞ்சிருக்கும், என்ன?” அவர் மூச்சைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். “வீட்டுக்குப் போன உடன அவ கேப்பா. வெறுங்கையோட போய் நிக்கேலாது. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. இண்டைக்கு நாங்கள் எத்தனை பேர்?”